இரண்டு அன்னம் ஒட்டிய அட்டை

என் கடைக்கும் ஷாரோன் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்புதான். ஒரே கடையை இரண்டாக்கி வாடகைக்கு விட்ட புண்ணியவானுக்குச் சுவர் எழுப்ப மனம் வரவில்லை. இந்தப் பக்கம் நான் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, திறப்பு விழா நோட்டீஸ் என்று அடித்துக் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் அவள் ரவிக்கை தைக்கிறாள். அவளுடைய மோட்டார் மெஷின் ஓடினால் என் கணினி நடுங்கும். அந்த நடுக்கத்தில் ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரை இரண்டு தரம் அடித்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஷாரோனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் போன மார்கழியில் அவளைப் பற்றி இந்தத் தெருவில் ஒரு பழி உலாவியது. அது பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய நிலை எனக்கு. இந்தச் சுகாசினியின் வாய் எப்படிப்பட்டது என்று காஞ்சிபுரத்தில் என்னிடம் பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும். அன்று மூடி வைத்ததையெல்லாம் இன்று எழுதித் தீர்க்கிறேன்.

ஷாரோனுக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். அப்பா சாமுவேல் சித்தாளாக இருந்து கொத்தனாரானவர். சர்ச்சில் நடந்த தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷாரோன் வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்தது சட்டைக் காலர். காலர் மட்டும்தான். “வருசக்கணக்கா தச்சேன் சுகாக்கா, ஒரு முழுச் சட்டைய கண்ணால பாக்கல” என்பாள். கம்பெனி பஸ் ஓட்டிய ஜெபகுமாரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு வேலையை விட்டுவிட்டு, பழைய மெஷின் ஒன்றை வாங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இந்த ஊரில் புதிய தையல்காரிக்குப் பட்டுத்துணி சுலபத்தில் வராது. பட்டைப் பற்றி இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதோடு, தையல்காரர்கள் துணியில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார்கள் என்பது பெண்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. ஷாரோன் அதற்கு ஒரு வழி செய்தாள். ரவிக்கையோடு சேர்த்து வெட்டுத்துணி மொத்தத்தையும் ஒரு கவரில் போட்டு, கொடுக்கும்போது எதிரிலேயே பிரித்துக் காட்டுவாள். விரலகலத் துண்டு வரைக்கும் அதில் இருக்கும். “ஷாரோன்கிட்ட குடுத்தா நூலு கூட வீட்டுக்கு வந்துடும்” என்று பேச்சு பரவியது. அவளுடைய தொழிலுக்கு முதல் என்று ஒன்று இருந்தால் அந்தப் பேச்சுதான்.

பொடித் துண்டுகளைப் பார்த்து முக்கால்வாசிப் பேர், “இத வச்சிக்கினு நான் என்னா பண்ணப் போறேன், நீயே வச்சிக்கமா” என்பார்கள். அப்படி அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அது ஷாரோனின் அரிசிப் பைக்குள் போகும். சொல்லாவிட்டால் போகாது. இதில் அவள் ரொம்பக் கறார்.

அட்டை செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் நான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், என் கோபம் என்று சொல்வது இன்னும் சரி. ஒருநாள் அந்த மெஷின் சத்தம் தாங்காமல் தடுப்பை ஓங்கிக் குத்தி, வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். அன்று முழுக்க அந்தப் பக்கம் மெஷின் ஓடவில்லை. சாயந்திரம் கடை சாத்தும்போது என் மேசையில் ஓர் அட்டை இருந்தது. நான் குப்பையில் போட்ட பத்திரிகை அட்டையின் ஓரத்தை எடுத்து மடித்திருந்தாள். முன்பக்கத்தில் கிளிப்பச்சைப் பட்டில் ஒரு தையல் மெஷின். அதன் வாயில் சிவப்புப் பட்டில் ஒரு பிளாஸ்திரி. உள்ளே, “இனிமே மெதுவா” என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் கோபமாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு ஜன்மம் எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் குப்பை அவள் பக்கம் போக ஆரம்பித்தது. பத்திரிகை வெட்டும்போது விழும் அட்டை ஓரங்கள், அச்சில் கறை பட்ட கவர்கள், எல்லாம். அவள் செய்கிற விதம் இதுதான். பட்டுத் துண்டைப் பசை போட்டு ஒட்டினால் பசை ஊறி மேலே கறை தெரியும். அதனால் ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற பேஸ்டிங் கேன்வாஸை அடியில் வைத்துச் சூடாக இஸ்திரி போடுவாள். இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது. பூவோ பறவையோ நட்சத்திரமோ வெட்டி, அட்டையின் மேல் வைத்து மெஷினிலேயே பெரிய தையலாக ஓட்டுவாள். காகிதத்தில் ஓடினால் ஊசி மழுங்கிவிடும் என்பதால் மழுங்கிய பழைய ஊசிகளுக்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறாள். கடைசியில் உள்பக்கம் இன்னொரு தாளை ஒட்டித் தையலை மறைப்பாள். கிறிஸ்துமஸ் அட்டையில் மாட்டுக்கொட்டிலுக்கு ஜரிகை நூலைக் கூரையாக வேய்வாள். பொங்கல் அட்டையில் கரும்பு. பிறந்தநாள் அட்டையில், வாங்குகிறவர் யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று விசாரித்து அதற்கேற்ற வம்பு.

பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரம் என்று ஒரு நெசவாளர். சொந்தத் தறி. அவர் மனைவி அம்சவேணி ஊடு நூலைத் தார் சுற்றுவாள், அறுந்த இழையை முடிவாள், புடவை மடித்துக் கடைக்கு அனுப்பும் வரை எல்லாவற்றிலும் அவள் கை இருக்கும். போன ஆவணியில் அவர்கள் பெண் புவனேஸ்வரிக்குக் கல்யாணம். அந்தப் புடவையை அப்பாவே நெய்தார். உடல் கத்தரிப்பூ நிறம், கரையும் ரவிக்கைத் துணியும் மாம்பழ நிறம், கரை நெடுக அன்னம். அந்த அன்னம் அவர் மனதில் பிறந்தது. வால் மற்ற அன்னங்களைவிட நீளமாக, கொஞ்சம் திமிராகத் தூக்கிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தறியில் ஏற்றுகிற ஒரு பாவில், அதாவது நீளவாட்டு நூலில், மூன்று புடவை நெய்யலாம். மூன்றும் ஒரே நிறம், ஒரே கரை. அந்தப் பாவில் ஒன்று புவனேஸ்வரிக்கு, மற்ற இரண்டும் சென்னையில் ஒரு கடைக்கு என்று வீட்டில் பேச்சு.

புவனேஸ்வரியின் முகூர்த்த ரவிக்கையைத் தைத்தது ஷாரோன். துணி கொடுக்கும்போதே அம்சவேணி, “கல்யாணத் துணி, ஒரு நூலு கூட அடுத்தவங்க கைக்குப் போவக் கூடாது. மொத்தத்தையும் முடிஞ்சி குடுத்துடுமா” என்று சொல்லியிருந்தாள். பல வீடுகளில் இப்படிச் சொல்வார்கள். பெண்ணின் வாழ்க்கையில் கண் பட்டுவிடும் என்ற பயம். ஷாரோன் ஒன்று விடாமல் பொறுக்கி முடிந்து கொடுத்தாள்.

கார்த்திகையில் கலியாணசுந்தரம் என் கடைக்கு வந்தார். தை மாதம் அவருக்கு மணிவிழா, அதற்குப் பத்திரிகை. வேலை முடிந்த பிறகும் மனுஷர் போகவில்லை. அக்குளில் ஒரு மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு, எதையோ திருடிக்கொண்டு வந்தவர் மாதிரி தெருவைப் பார்த்தார். பிறகு தடுப்பின் அந்தப் பக்கம் போய்ப் பையைத் திறந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளே கத்தரிப்பூப் புடவை இருந்தது. கடைக்குப் போனதாகச் சொன்ன இரண்டில் ஒன்று. தானே கடைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, கூட்டாளி காசிநாதன் வீட்டு பீரோவில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

“புவனா புடவ தறியிலேர்ந்து எறங்கனப்போ, முந்தானய எடுத்து அவ தோள் மேல போட்டுக்கினு கண்ணாடி முன்னால நின்னா. ஒரு நிமிசம்தான். நான் பாத்துட்டேன்னு அவளுக்குத் தெரியாது. உடனே மடிச்சி வச்சிட்டா” என்றார். “இத்தினி வருசம் என்கூட தறியில கெடந்தவ. மணிவிழா அன்னிக்கு இதத்தான் கட்டணும். அதுவரிக்கும் தெரியக் கூடாதுமா.”

ரவிக்கைக்கு அளவு வேண்டுமே. இங்கே உடம்பில் டேப் வைத்து அளப்பதைவிட, பொருத்தமாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து அதே போலத் தைக்கச் சொல்வதுதான் வழக்கம். அவரும் ஓர் அளவு ரவிக்கை கொண்டுவந்திருந்தார். தினம் போடுவதை எடுத்தால் மனைவி தேடுவாள் என்று பீரோவின் அடித்தட்டில் கை விட்டு எடுத்தாராம். ஷாரோன் அதை விரித்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“இது எப்ப தச்சதுங்க ஐயா?”

“அவளுதுதாம்மா.”

கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. ஷாரோன் மேற்கொண்டு கேட்கவில்லை.

கிளம்பும்போது விற்பனைக்குக் கயிற்றில் தொங்கிய கிறிஸ்துமஸ் அட்டைகளைப் பார்த்தார். “இதுபோல ஒண்ணு எனக்கும் செய்யேன். இந்த ரவிக்கத் துண்டுலயே. பொட்டிக்கு மேல வச்சிக் குடுக்கறேன். அன்னம் ரெண்டு இருக்கட்டும்” என்றார். ரெண்டு என்று சொல்லும்போது அந்த மனுஷருக்கு முகம் சிவந்தது.

மார்கழி. ஒரு சனிக்கிழமை. ஷாரோன் கடையில் கிறிஸ்துமஸ் ரவிக்கைக்கும் பொங்கல் ரவிக்கைக்கும் வந்த பெண்கள் நிற்க இடமில்லாமல் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அம்சவேணி மணிவிழாப் பத்திரிகைகளை வாங்க என் கடைக்கு வந்தாள். கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, “அப்டியே ஷாரோன்கிட்ட புவனாவுக்குப் பொங்கலுக்கு ஒரு ரவிக்க சொல்லிட்டுப் போறேன்” என்று அந்தப் பக்கம் போனாள். எனக்குப் பொறி தட்டுவதற்குள் போய்விட்டாள்.

இஸ்திரி மேசையின் மேல் அந்த அட்டை இருந்தது. ஷாரோன் அப்போதுதான் முன்பக்கத்தை முடித்திருந்தாள். வெள்ளை அட்டையில் மாம்பழ நிறத்தில் இரண்டு அன்னம், எதிரெதிரே, வாலைத் தூக்கிக்கொண்டு. உள்ளே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

அம்சவேணி அதைக் கையில் எடுத்தாள்.

“இது எங்க அன்னம்.”

ஷாரோனின் மெஷின் நின்றது.

“இந்த வால நீட்டிவுட்டவரு எங்க வூட்டுக்காரரு. வேற எந்தத் தறியிலயும் இது கெடையாது. மூணு புடவ நெஞ்சாரு. ரெண்டு கடைக்குப் போயிடுச்சி. ஒண்ணு எம் பொண்ணு கட்டுச்சி. அப்ப இது எங்கேர்ந்து வந்துது?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்த வரையில் அந்தத் துணி இந்தக் கடைக்கு வந்தது ஒரே ஒரு தரம், மகளின் ரவிக்கையாக.

ஷாரோன் எழுந்து நின்றாள். “இது உங்க பொண்ணு துணி இல்லம்மா.”

“அப்ப யாருது?”

ஷாரோன் என்னைப் பார்த்தாள். உண்மை என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் பல் அன்று உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

“அத சொல்ல முடியாதும்மா” என்றாள் ஷாரோன்.

இதைவிட மோசமான பதில் உலகத்தில் கிடையாது.

“ஒரு நூலு கூட வெளிய போவக் கூடாதுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே. முடிஞ்சி குடுக்கற மாரி குடுத்துட்டு, மிச்சத்த எடுத்து வச்சிக்கினு, ஊர்ல கண்டவங்களுக்கு விக்கிற அட்டையில ஒட்டினியா? உன்ன நம்பிதானே குடுத்தேன். இது திருட்டு இல்லாம வேற என்னா?”

அட்டையைப் பத்திரிகைக் கட்டுகளோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.  வெட்டுவதற்குக் கொடுத்திருந்த பட்டுத்துணியை ஒரு அம்மாள் மேசையிலிருந்து மெதுவாக எடுத்தாள். “ஒண்ணும் அவசரம் இல்ல, அப்புறமா கொண்டாந்து தரேன்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இன்னும் இரண்டு பேர் அவள் பின்னாலேயே போனார்கள்.

எல்லோரும் போன பிறகு ஷாரோன் ஸ்டூலில் உட்கார்ந்து திடீரென்று சிரித்தாள். “அவங்களுக்குத்தானே அக்கா செஞ்சேன். அவங்களே வந்து வாங்கிக்கினு போயிட்டாங்க.” சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

நான் விடவில்லை. “இப்பவே ஓடிப் போயி சொல்லிடு. இல்லன்னா நான் சொல்றேன். பேரு போனா உனக்குத் தொழிலே இல்ல ஷாரோனு.”

“சொன்னா என் பேரு நிக்கும். அவரோட புடவ என்னா ஆவும்? தெரிஞ்சிபோன புடவய மேடையில குடுத்து என்னா?” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அட்டைன்னா என்னாக்கா? பிரிக்கற வரிக்கும் உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாம இருக்கறதுதான். அது தெரிஞ்சிட்டா வெறும் காயிதம். மணிவிழா வரிக்கும் தானே. நான் பொறுத்துக்கறேன்.”

கலியாணசுந்தரத்திடமாவது சொல்கிறேன் என்றேன். அதற்கும் தடை. அந்த மனுஷர் முகத்தில் எதுவும் தங்காது, வீட்டுப் படி ஏறும்போதே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்றாள். அதுவும் உண்மைதான். அம்சவேணியும், மணிவிழா நேரத்தில் அவர் மனம் கஷ்டப்படக் கூடாது என்று அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஊர் முழுக்க மட்டும் சொல்லியிருந்தாள். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் பாசத்தால் மறைத்துக்கொண்ட இரண்டு விஷயங்களுக்கு நடுவில் ஷாரோன் மாட்டிக்கொண்டாள்.

அவள் ஒன்றும் புன்னகையோடு பொறுத்துக்கொண்ட புண்ணியவதி இல்லை. அந்த நாட்களில் மெஷினைத் திட்டினாள், நூலைத் திட்டினாள், சாப்பாடு கொண்டுவந்த ஜெபகுமாரைக் குழம்பில் உப்பில்லை என்று திட்டினாள். குழம்பு வைத்தது அவளே. வந்துபோன சிலரும் கவரை வாங்கி, வெட்டுத்துணிகளைப் பரப்பி, ரவிக்கையோடு சேர்த்து வைத்து ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு பெண் ரவிக்கைக் கை வெட்டிய துண்டைத் தூக்கிப் பிடித்து, “இங்க ஒரு மூல கொறையுதே” என்றாள். அது அக்குள் வளைவு என்று ஷாரோன் கத்தரியால் காற்றில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. எனக்கு எரிந்த எரிச்சலில் அன்று அடித்த பத்திரிகையில் மறுபடியும் யாருடைய தாத்தாவோ இரட்டையானார்.

துண்டுகளை விட்டுவிட்டுப் போகிறவர் யாரும் இல்லாமல் அட்டைக் கயிறு காலியாகிவிட்டது. ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று எனக்கு ஒன்று வந்தது. சாம்பல் நிறத்தில் ஆட்டுக்குட்டி. அவள் சர்ச்சுக்குக் கட்டுகிற சொந்தப் புடவையின் முந்தானை ஓரத்தை வெட்டிச் செய்திருந்தாள். “இது யாரு துணின்னு யாரும் கேக்க முடியாது பாருங்க” என்றாள். நான் அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்றால் எவ்வளவு வருத்தம் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

பொங்கல் முடிந்து கலியாணசுந்தரம் ரவிக்கையை வாங்க வந்தார். ஊரில் ஓடிய பேச்சு எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அட்ட எங்கமா?”

“உங்க வூட்டுக்கே வந்துடும் ஐயா” என்றாள் ஷாரோன். பொய் சொல்லவில்லை. அது அங்கே போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. “நீங்க கண்டிப்பா வரணும், ரெண்டு பேரும்” என்று எங்களிடம் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார். நான் அடித்த பத்திரிகை எனக்கே வந்தது.

மணிவிழா பிள்ளையார்பாளையத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில். ஷாரோன் வர மாட்டாள் என்று நினைத்தேன். பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். “பொட்டிய பிரிக்கறத பாக்க வாணாமா? அதுக்குத்தானே இத்தினி நாள் வாங்கிக் கட்டிக்கினேன்.” கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். தெருப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் முறைத்து முறைத்துப் பார்த்தேன்.

கலச நீரைத் தம்பதி தலையில் ஊற்றி முடித்தார்கள். இருவரும் சொட்டச் சொட்ட எழுந்து புதுத்துணி மாற்றப் போனார்கள். பெண்கள் அறை வாசலில் கலியாணசுந்தரம் ஒரு பெட்டியை மனைவி கையில் கொடுத்து ஏதோ சொன்னார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

“அய்யோ, உள்ள வச்சிப் பிரிக்கறாங்களே” என்றாள் ஷாரோன். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

நேரம் போனது. கலியாணசுந்தரம் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்துவிட்டார். ஐயர், “அம்மாவ வரச்சொல்லுங்கோ” என்றார். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்து புவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, வாயில் சிரிப்பு. கூட்டத்தில் தேடிவிட்டு, “ஷாரோன்க்கா, கொஞ்சம் உள்ள வாங்களேன்” என்றாள்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஷாரோன் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன்.

உள்ளே கத்தரிப்பூப் புடவை பாயில் விரிந்து கிடந்தது. அம்சவேணி ரவிக்கையின் இரண்டு கைகளையும் மாட்டிக்கொண்டு, கொக்கி ஒன்றோடொன்று சேராமல், தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவள் கணவர் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தது, புவனேஸ்வரி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் அம்மா போட்ட ரவிக்கை. அம்சவேணி அந்த அளவை விட்டு வந்து வெகுகாலமாகிறது.

ஷாரோன் கிட்டே போனாள். கைப்பையிலிருந்து பாதி பிளேடை எடுத்தாள். “கழட்டிக் குடுங்கம்மா” என்றாள். வாங்கி உள்பக்கத்தைத் திருப்பினாள். பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் மாம்பழப் பட்டு தாராளமாக மடிந்து கிடந்தது. ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகத் தையல் வரிகள் போட்டிருந்தாள். உள்வரியைப் பிரித்தால் அடுத்த வரி தாங்கும்.

அம்சவேணி அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். “இவ்ளோ துணிய உள்ளயே வுட்டு வச்சிருக்கியே.”

“அளவு ரவிக்க மேல எனக்கு நம்பிக்க வரலம்மா. உங்கள கூப்ட்டு அளக்கவும் முடியாது.”

“அப்ப அன்னிக்கு நான் எடுத்துக்கினு போனது…”

“உங்களுக்குத்தான். உள்ள பேரு எழுதறதுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டீங்க.”

அம்சவேணி சுவரில் சாய்ந்துகொண்டாள். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேமா. எம் வாய அன்னிக்கே அடைச்சிருக்கலாமே.”

ஷாரோன் பிளேடை நகர்த்திக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். “பொட்டிய தெறந்தப்போ எப்டிம்மா இருந்துது? நான் வெளிய மாட்டிக்கினேன். அத மட்டும் சொல்லுங்க.”

“என்னாத்த சொல்றது.” அம்சவேணி அழுதுகொண்டே சிரித்தாள். “மொதல்ல பயந்துட்டேன். ஏதோ கொற இருக்குதுன்னு கடைக்காரன் புடவய திருப்பி அனுப்பிட்டானோன்னு. பிரிச்சிப் போட்டு, கரையில எங்கனா இழ அறுந்திருக்குதான்னு தேடிக்கினு இருந்தேன். அப்பதான் அடியில ரவிக்க இருந்துது. கடைக்குப் போன புடவைக்கு யாரு ரவிக்க தைப்பாங்க? அதுக்கப்புறந்தான் எனக்குன்னு புரிஞ்சிது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் உன் ஞாபகம் வந்துது.”

ஷாரோன் சிரித்தாள். இத்தனை நாள் பொறுத்ததற்குக் கூலி கைக்கு வந்துவிட்ட சிரிப்பு. கொக்கி இப்போது சுலபமாக மாட்டிக்கொண்டது. அக்குளில் மட்டும் உடம்போடு வைத்து அவசரமாக இரண்டு கைத்தையல் போட்டுவிட்டாள்.

தாலி கட்டி முடிந்ததும் ஆசீர்வாதம் வாங்கவும் பரிசு கொடுக்கவும் மேடைக்கு வரிசை நின்றது. அம்சவேணி அந்தப் புடவையில் நின்ற அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவள் கணவர் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. ஆனால் அவள் யாரையும் ஆசீர்வதிக்கிற நினைப்பில் இல்லை. ஒவ்வொருவர் வரும்போதும் பக்கவாட்டில் திரும்பி, கையைத் தூக்கி, ரவிக்கையைக் காட்டினாள்.

“ஷாரோன் தச்சது. துணி ஒரு இணுக்கு எடுக்கல. மொத்தத்தையும் உள்ள வுட்டு தச்சிருக்கா. அன்னிக்கு நான் பாத்த அன்னம் இந்தத் துணியிலேர்ந்துதான். எனக்கு செஞ்ச அட்ட. நான்தான் தெரியாம பேசிட்டேன்.”

வந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. போட்டோகிராஃபர், “அம்மா, கைய எறக்குங்க, நேரா பாருங்க” என்று கெஞ்சினார். கலியாணசுந்தரம் அப்போதுதான் விஷயம் முழுக்கத் தெரிந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “போதும் அம்சா, எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சி” என்றார்.

“அன்னிக்கு எத்தினி பேர்கிட்ட சொன்னேனோ, அத்தினி பேரும் கேக்கட்டும்” என்றாள். அடுத்தவர் வந்ததும் மறுபடி கையைத் தூக்கினாள். கடையிலிருந்து பட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன அந்த அம்மாளுக்கு மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

வரிசையின் கடைசியில் ஷாரோன் மேடை ஏறினாள், நான் அவள் பின்னால். அம்சவேணி அந்த மும்முரத்தில் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் திரும்பி, கையைத் தூக்கி, “ஷாரோன் தச்சது, துணி ஒரு இணுக்கு…” என்று ஆரம்பித்துவிட்டு நிமிர்ந்தாள். யாரென்று தெரிந்ததும் தூக்கிய கை அப்படியே நின்றது. 

“உன்னப் போயி திருடின்னு சொல்லிட்டேனேமா” என்றாள்.

“கைய எறக்குங்கம்மா. அக்குள்ல ரெண்டே தையல்தான் போட்டிருக்குது, வுட்டுடும்” என்றாள் ஷாரோன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. அம்சவேணி கையை இறக்கவில்லை, அந்தக் கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தையல் விட்டுப்போன சத்தம் பின்னால் நின்ற எனக்கே கேட்டது.